மண்டபத்து மணலுக்கு ஒரு துறுதுறு குட்டி: எடுப்பதற்கு முன்னும் எடுத்த பின்னும்

கேள்வி இது. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. ஓலை வேலி போட்ட மணல் முற்றம். ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள். மதுரையில் உள்ள ஒரு காப்பகத்தில் இரண்டரை மாதக் கடுவன் குட்டி ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். 'லேப்ராடர் கலப்பு' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இருக்கிற குட்டிகளிலேயே அதுதான் அதிகம் துள்ளுகிறது, காலைக் கவ்வுகிறது, செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. எடுக்கலாமா, எடுத்தால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

எடுக்கலாம். மணல் முற்றமும் வளர்ந்த பிள்ளைகளும் இருக்கிற வீடு இந்த வகைக் குட்டிக்குப் பொருத்தம்தான். ஆனால் 'விளையாடுகிறது' என்ற ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டரை மாதத்தில் நோயில்லாத எந்தக் குட்டியும் விளையாடும். பார்க்க வேண்டியது, அது யாரோடு விளையாடுகிறது, பயந்தால் எவ்வளவு நேரத்தில் தெளிகிறது என்பதைத்தான்.

காப்பகத்துக்கு இரண்டு முறை போங்கள். ஒரு முறை சாப்பாட்டுக்கு முன், ஒரு முறை அது தூங்கி எழுந்த நேரத்தில். மற்ற குட்டிகளிடமிருந்து பிரித்துத் தனியே விட்டு, தரையில் உட்கார்ந்து ஒரு பந்தை உருட்டுங்கள். பந்தைத் துரத்திப் போய்விட்டு உங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிற குட்டி நல்ல குட்டி. கூட்டத்தில் மற்றவற்றை அமுக்கி விளையாடிவிட்டு, தனியே விட்டால் மூலையில் ஒடுங்குகிற குட்டியும் உண்டு. அதன் துள்ளலைப் பார்த்து ஏமாறக் கூடாது. பிறகு சற்றுத் தள்ளி ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போடுங்கள். திடுக்கிடட்டும், அதில் தவறில்லை. சில நொடிகளில் தெளிந்து தட்டை மோந்து பார்க்க வந்தால் போதும். கடைசியாக மடியில் இருபது நொடி பிடித்து வையுங்கள். முதலில் திமிறிவிட்டுப் பிறகு அடங்குவது இயல்பு. விடாமல் உறுமிக் கடிக்க வருகிற குட்டி, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம்.

'லேப்ராடர் கலப்பு' என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாயைப் பார்த்திராத குட்டிக்குச் சொல்லப்படும் இனம் பெரும்பாலும் ஊகம். நாட்டு நாயின் குட்டிக்கும் இந்த வயதில் காது மடிந்துதான் இருக்கும், உடம்பும் கொழுகொழுவென்றுதான் இருக்கும். பாதம் பெரிதாக இருந்தால் பெரிதாக வளரும் என்பதும் நம்பத்தக்க கணக்கு அல்ல. நான்கு மாதம் நிறையும்போது எடை பாருங்கள். நடுத்தர உடம்புள்ள நாய்க்கு அதன் இரண்டு மடங்கு, வளர்ந்த பிறகுள்ள எடைக்குக் கிட்டத்தட்ட வரும். நாட்டு நாய் என்றால் 12 முதல் 22 கிலோவுக்குள் நிற்கும், லேப்ராடர் ரத்தம் நிறைய இருந்தால் 25ஐத் தாண்டும். நம் வெயிலுக்கு நாட்டு ரத்தம் கூடுதலாக இருப்பதே நல்லது.

உடம்பில் பார்க்க வேண்டியவை: ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணிக் காய்ச்சலோ இருக்கலாம். விலா தெரிய, வயிறு மட்டும் பானையாக இருந்தால் பூச்சி. தோள் தோலைப் பிடித்துத் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும், மெதுவாக இறங்கினால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. கண்ணில் மூக்கில் சீழ்போல ஒழுகினால், கூடவே இருமலும் இருந்தால், டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயை நினைக்க வேண்டும். அந்தக் குட்டியை மட்டுமல்ல, அதோடு இருந்த மற்ற குட்டிகளையும் அப்போது எடுக்கக் கூடாது. கண்ணோரம், முன்னங்காலில் ஒன்றிரண்டு முடி கொட்டிய வட்டம் இருந்தால் பயப்பட வேண்டாம், மருத்துவரிடம் காட்டினால் சரியாகிவிடுகிற விஷயம்தான். தொப்புளில் மெத்தென்ற சிறு புடைப்பு இருந்தால், கருத்தடை அறுவை செய்யும்போதே தைத்துவிடலாம்.

தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவர் கையெழுத்து மூன்றும் வேண்டும். 'போட்டாச்சு' என்று வாய்ப்பேச்சாகச் சொன்னால், போடவில்லை என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூச்சி மருந்து கொடுத்த தேதிகளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்துக் கூண்டுகளில் கடந்த இரண்டு வாரத்தில் பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வைரஸ் கழிச்சல்) வந்ததா என்று நேராகவே கேளுங்கள். நல்ல காப்பகம் இதை மறைக்காது. வந்திருந்தால் இரண்டு வாரம் பொறுத்துப் போவதில் நஷ்டமில்லை.

மதுரையிலிருந்து மண்டபம் வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே தீனியை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்த வேண்டாம். குட்டியோடு படுத்திருந்த பழந்துணி ஒன்றைக் காப்பகத்திலேயே கேட்டு வாங்கி, கூடையில் போடுங்கள். வாசனை பழகியதாக இருந்தால் முதல் இரவு அழுகை குறையும். பலரும் சறுக்குவது வழியில்தான். பரமக்குடியிலோ ராமநாதபுரத்திலோ டீக்கடை ஓரத்தில் வண்டியை நிறுத்தி, குட்டியை மூத்திரம் போகத் தரையில் இறக்கிவிடுவார்கள். தெருநாய் புழங்குகிற மண்ணில் பார்வோ கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊசி முடியாத குட்டிக்கு அந்த இரண்டு நிமிடம் போதும். வண்டிக்குள்ளேயே செய்தித்தாளை விரித்துப் போக விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் 14 நாள் வேறு நாய் எதோடும் சேர்க்க வேண்டாம். பார்வோ தொற்றியிருந்தால் பெரும்பாலும் இந்த நாட்களுக்குள் தெரிந்துவிடும். வாந்தி, சோர்வு, சாப்பாட்டை மறுப்பது, பிறகு ரத்தம் கலந்து நாறுகிற கழிச்சல். இது பார்வோவின் வரிசை. காலையில் வாந்தியெடுத்த குட்டியை மாலை வரை பார்ப்போம் என்று வைத்திருக்கக் கூடாது. நாலு கிலோ உடம்பில் நீர் வற்ற அரை நாள் போதும். அரசு கால்நடை மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தையும், அது மூடிய பிறகு சலைன் ஏற்றக்கூடிய தனியார் மருத்துவர் ராமநாதபுரத்தில் யார் என்பதையும் குட்டி வருவதற்கு முன்பே விசாரித்து எழுதி வையுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு எண் 1962. கழிந்த இடத்தை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு ஹைப்போகுளோரைட் பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச் வேலை செய்யாது. பினாயில் வேண்டாம். பார்வோவை அது கொல்லாது, நக்கினால் குட்டிக்குத்தான் கெடுதல்.

ஊசிக் கணக்கு: செவன்-இன்-ஒன், நைன்-இன்-ஒன் என்று சொல்லும், பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒன்று, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ விழ வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி முந்தைய ஊசிகளை வேலை செய்ய விடாமல் தடுக்கக்கூடும் என்பதால்தான் இத்தனை முறை. 'ரெண்டு ஊசி போட்டாச்சு, போதும்' என்று 12 வாரத்தில் நிறுத்துகிற வீடுகளில்தான் நாலாவது மாதத்தில் குட்டி சாகிறது. ரேபிஸ் ஊசி 12 வாரத்தில், பிறகு மருத்துவர் சொல்லும்போது ஒரு பூஸ்டர், அதன்பின் ஆண்டுதோறும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குட்டி உலகத்தைப் பழகுகிற வயது ஏறக்குறைய 14 வாரத்தோடு முடிகிறது, ஊசியோ 16 வாரத்தில்தான் முடிகிறது. வீட்டுக்குள் பூட்டியே வைத்தால் பிற்பாடு ஐஸ் லாரியைக் கண்டால் நடுங்கும், வலை சுமந்து வருகிறவரைப் பார்த்துக் குரைக்கும். தூக்கிக்கொண்டு போவதுதான் வழி. தினமும் பத்து நிமிடம் கையிலோ கூடையிலோ வைத்து, படகு என்ஜின், ஐஸ் உடைக்கிற சத்தம், கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் பாங்கு, தொப்பி போட்டவர், தடி ஊன்றியவர் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டுங்கள். தரையில் மட்டும் விடாதீர்கள்.

இனி கடிக்கு வருவோம். துறுதுறுப்பான குட்டி கடிக்காமல் இருக்காது. மூன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பல் விழுந்து முளைக்கும். பல் பட்டதும் விளையாட்டு நிற்க வேண்டும். கத்தாமல், அடிக்காமல், எழுந்து முப்பது நொடி திரும்பி நில்லுங்கள். வீட்டில் நாலு பேரும் இதையே செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் குறையும், ஒருவர் மட்டும் கையைக் கொடுத்து விளையாடினால் குறையவே குறையாது. மூக்கில் தட்டுவது கையைக் கண்டால் பயப்படவோ எதிர்த்துக் கடிக்கவோதான் பழக்கும். சாயங்காலம் வெறி பிடித்ததுபோல வட்டமடித்து ஓடிக் கண்டதையும் கடிக்கிறது என்றால் அதற்கு விளையாட்டுப் போதவில்லை என்று நினைக்காதீர்கள். தூக்கம் போதவில்லை. இந்த வயதில் ஒரு நாளைக்கு 18 மணி நேரமாவது தூங்க வேண்டும். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் ஆளுக்கு ஐந்து பத்து நிமிடம், பிறகு குட்டி அதன் மூலையில் படுக்கட்டும்.

பிள்ளைகளுக்கு ஓட்டப் பிடித்தல் வேண்டாம். ஓடுகிற காலைக் கவ்வத்தான் அது கற்றுக்கொள்ளும். மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் வேகவைத்த மீன் துணுக்கை வைத்து 'தேடு' என்று சொல்லட்டும். மூக்கால் வேலை செய்கிற குட்டி ஓடிய குட்டியைவிடச் சீக்கிரம் களைக்கும். கடிக்க முடிச்சிட்ட பருத்தித் துணியை நனைத்துக் குளிரவைத்துக் கொடுங்கள், வாய்க்குள் போகாத அளவுள்ள ரப்பர் பந்து கொடுங்கள். பழைய வலைத்துண்டும் நைலான் கயிறும் கொடுக்கவே கூடாது. நம் பக்கம் எந்த வீட்டு மூலையிலும் அது கிடக்கும். விழுங்கிய இழை குடலைச் சுருக்குப்பையாகச் சுருக்கிக் கிழித்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ இழை தொங்கினால் இழுக்காமல் அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தூண்டில் முள் குத்தினாலும் அப்படித்தான்.

இந்த இடத்தில் பலர் அசட்டையாக இருப்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. 'குட்டிதானே, விளையாட்டுக்குத்தானே கடிச்சது' என்று பல் பதிந்த இடத்தைத் துடைத்துவிட்டுப் போவது தவறு. தாய் யார் என்று தெரியாத, ரேபிஸ் ஊசி போடும் வயதே வராத குட்டியின் பல்லோ நகமோ தோலைக் கிழித்தால், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28ஆம் நாட்களில், இலவசம். ரத்தம் வந்த காயம் என்றால் இம்யூனோகுளோபுலினும் (காயத்திலேயே போடும் எதிர்ப்பு மருந்து) தேவைப்படும், மருத்துவரிடம் கேளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். குட்டி வருவதற்கு முன்பே வீட்டில் எல்லோரும் ரேபிஸ் முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. அதன்பின் கடிபட்டாலும் இரண்டு ஊசி போதும்.

சாப்பாடு. நாலு கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 கலோரி வேண்டும். குட்டிகளுக்கான உலர்தீனி என்றால் சுமார் 150 கிராம், நான்கு வேளையாகப் பிரித்து. வீட்டுச் சாப்பாடு என்றால் சோறு 250 கிராம், எலும்பில்லாத மீனோ கோழியோ 150 கிராம், ஒரு முட்டை, கொஞ்சம் வெந்த பூசணி. உப்பு, வெங்காயம், மசாலா இல்லாமல். வெறும் பால்சோறு வேண்டாம், கழியும், எலும்பும் வளராது. வீட்டுச் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து போதாது என்பதால், முட்டை ஓட்டைக் கழுவி வறுத்து மாவாகப் பொடித்து ஒரு தேக்கரண்டி சேர்க்க வேண்டும். உலர்தீனி மட்டும் தின்கிற குட்டிக்கு இதைச் சேர்க்கக் கூடாது, மிஞ்சினால் எலும்பு வளையும். பாதி உலர்தீனி, பாதி வீட்டுச் சாப்பாடு என்பது நம் பக்கத்துக்குக் கட்டுப்படியாகிற, பிழை குறைவான வழி. அப்படிக் கொடுத்தால் ஓட்டுப் பொடி அரைத் தேக்கரண்டி. நான்கு மாதத்திலிருந்து மூன்று வேளை, ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு.

மீன் மலிவாகக் கிடைக்கிறது, நல்லதும்கூட. ஆனால் எந்த மீன் என்பது முக்கியம். சூடை மலிவு, கொழுப்பும் நல்லது. தலை குடல் நீக்கி, குக்கரில் விசில் வந்தபின் சிறு தீயில் 40 நிமிடம் வைத்தால் முள் விரலில் நசுங்கி மாவாகும். அப்படியே சோற்றில் பிசையலாம், அன்று ஓட்டுப் பொடி வேண்டாம். காரல் வேண்டாம், அதன் முள் தொண்டையில் நிற்கும். கெளுத்தி, திருக்கை முள்ளைக் குப்பையில்கூடத் திறந்து போடாதீர்கள். கரையில் ஒதுக்கிப்போடும், பந்துபோல ஊதிக்கொள்ளும் பேத்தை மீன்தான் எல்லாவற்றிலும் ஆபத்து. அதன் நஞ்சு வேகவைத்தாலும் காய்ந்தாலும் போகாது. தின்ற குட்டிக்கு எச்சில் வடியும், வாந்தி வரும், பின்னங்கால் தளரும், பிறகு மூச்சு நிற்கும். மாற்று மருந்து கிடையாது. மூச்சைத் தாங்கிப் பிடிப்பது மட்டுமே சிகிச்சை. கரைவலை இழுத்த இடத்தில், மீன் இறங்குதளத்தில், கருவாட்டுக் களத்தில் குட்டியை அவிழ்த்துவிடவே கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். கருவாட்டின் உப்பும் சின்ன உடம்புக்குத் தாங்காது.

கடல்நீரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அலையோடு விளையாடி நக்கிக் குடித்து, நாலு கிலோ குட்டிக்குள் ஒரு டம்ளருக்குச் சற்று மேல் போனாலே உப்பு நஞ்சாகத் தொடங்கிவிடும். வாந்தி, தண்ணியாகக் கழிச்சல், தள்ளாட்டம், வலிப்பு. நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். ஒரே மூச்சில் குடிக்க விட்டால் மூளை வீங்கும். தள்ளாட்டம் தெரிந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். கடற்கரைக்குப் போகும்போது தண்ணீர்ப் பாட்டிலும் கிண்ணமும் எடுத்துப் போய், போனதும் ஒருமுறை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காட்டினால் கடலைத் தொட மாட்டாது. வீட்டிலும் உவர்க்கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வைக்காதீர்கள், நீங்கள் குடிக்கிற தண்ணீரே அதற்கும். கரையில் ஒதுங்கிய சொறி மீன் (ஜெல்லி மீன்) காய்ந்து கிடந்தாலும் மூக்கைச் சுடும். பட்டால் கடல்நீரால்தான் அலச வேண்டும்.

ஈர மணல் கொக்கிப்புழுவுக்கு மெத்தை மாதிரி. பூச்சி மருந்து 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, எடை பார்த்து. குட்டி கழிந்ததை அன்றன்றே அள்ளிப் புதைக்க வேண்டும். அந்தப் புழு வெறுங்காலோடு விளையாடுகிற பிள்ளைகளின் பாதத்தோலுக்குள் ஊர்ந்து, வளைந்து நெளிந்த சிவப்புக் கோடாக அரிக்கும். முற்றத்தின் ஒரு மூலையை மட்டும் குட்டி கழிவதற்கென்று ஒதுக்கி, தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் அங்கே தூக்கிப் போங்கள். மணல் பழகிய குட்டி வீட்டுத் தரையில் போவது சீக்கிரம் நிற்கும். பகலில் மணல் கொதிக்கும். புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் அதனாலும் முடியாது.

உண்ணிக்குக் கீற்றுக் கொட்டகையும் ஓலை வேலியும் நல்ல ஒளிவிடம். ஒரு பெட்டை உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு அங்கே மறையும். அதனால் குட்டியைக் குளிப்பாட்டுவதால் மட்டும் ஒழியாது. எட்டு வாரம் தாண்டி, எடை 2 கிலோவுக்கு மேல் இருந்தால் மாத்திரைகள் உண்டு, மருத்துவர் எழுதித் தருவார். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை யாரிடமும் போட விடாதீர்கள், சின்ன அளவுப் பிழையே குட்டியைச் சாய்க்கும். மண்ணெண்ணெயும் வேண்டாம். காய்ச்சல், சோர்வு, மூக்கில் ரத்தம் இருந்தால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கான மருந்தை நாலு வாரம் முழுதாகக் கொடுக்க வேண்டும், தேறியதும் நிறுத்தினால் திரும்ப வரும்.

கருத்தடையைக் காப்பக ஒப்பந்தம் பெரும்பாலும் ஆறு மாதத்தில் கேட்கும். உங்கள் குட்டி 20 கிலோவைத் தாண்டும் போலத் தெரிந்தால், ஒரு வயது வரை தள்ளலாமா என்று மருத்துவரிடமும் காப்பகத்திடமும் பேசிக்கொள்ளுங்கள். அதுவரை கடுவன் வேலி தாண்டாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

16 வார ஊசி போட்டு இரண்டு வாரம் கழிந்தபின் கரைக்குக் கூட்டிப்போகலாம். கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றும் பட்டை நல்லது, கயிறு ஆறு அடி. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிட வரும் மணல் இது. தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை அந்த முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைக்கிறது. தோண்டித் தின்னப் பழகிய நாய் அப்பழக்கத்தை விடாது, ஒரு குழியிலேயே சுமார் நூறு முட்டை இருக்கும். அந்த மாதங்களில் அதிகாலையும் இரவும் கயிறில்லாமல் விட வேண்டாம். குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்குகிற நீர்ப்பரப்புகளிலும் அப்படியே. பறவையைத் துரத்தி ஓடுவது குட்டிக்கு மிகப் பெரிய விளையாட்டு. ஒருமுறை ருசி கண்டுவிட்டால், சிரட்டைக்கடியில் என்ன மீன் வைத்துக் கூப்பிட்டாலும் திரும்ப வராது.